நர்சுகளுக்கு மார்க் போட்ட நைட்டிங்கேல் அம்மையார்

இரும்புலியூரில் நர்சு படிப்பு முடித்த ஒரு பெண் வேலை தேடிப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சர்டிபிகேட் கையில் இருக்கிறது. நர்சிங் கவுன்சிலில் பெயரையும் பதிவு செய்துவிட்டாள். அதைக் காட்டினால் போதுமா? போதாது.

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் இப்போது சோதித்துப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். ரப்பர் கையைக் கொடுத்து ஊசி போடச் சொல்கிறார்கள். டிரிப்ஸ் ஏற்றும்போது நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழவேண்டும் என்று கணக்குப் போடச் சொல்கிறார்கள். அதோடு விடுவதில்லை. நோயாளியின் அண்ணன் வந்து கூச்சல் போட்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். கூட வேலை பார்க்கும் நர்சு மருந்தை மாற்றிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டால் யாரிடம் சொல்வாய் என்று கேட்கிறார்கள்.

கை வேலை தெரியுமா என்று ஒரு சோதனை. குணம் எப்படி என்று ஒரு சோதனை.

இந்த இரண்டையும் தனித் தனியாகப் பிரித்து, அச்சடித்த தாளில் மாதா மாதம் மார்க் போடச் சொன்ன அம்மையாரை நமக்கு நன்றாகத் தெரியும். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். மார்க் தாளைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

பணக்கார வீட்டுப் பெண்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்துக்காரர்களான பெற்றோர் அப்போது இத்தாலியில் தங்கி இருந்தார்கள். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள்.

தந்தை பெரிய நிலச்சுவான்தார். கோடைக்கு ஒரு மாளிகை, குளிருக்கு ஒரு மாளிகை. மகளுக்குத் தந்தையே கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக் கொடுத்தார். மகளுக்குக் கணக்கில் அதைவிட ஆசை.

17 வயது நிறைவதற்கு முன், 1837-ல், கடவுள் தன்னை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. என்ன தொண்டு என்று தெரியவில்லை. தெரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. 1845-ல் சாலிஸ்பரி நகர ஆஸ்பத்திரியில் சில மாதம் வேலை பழகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார்.

வீடே அதிர்ந்தது. ஏதோ சமையற்காரியாகப் போகிறேன் என்று சொன்னதுபோல் குடும்பத்தார் பதறினார்கள்.

பெற்றோரைக் குறை சொல்வதற்கு இல்லை. அந்தக் காலத்து நர்சு அப்படி. வேறு வேலை கிடைக்காதவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்கள். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே குடித்துவிட்டுத் தூங்குவார்கள். அப்படிப்பட்ட நர்சு ஒருத்தியை டிக்கன்ஸ் தன் நாவலில் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் அப்படி ஒருத்தியை நேரிலேயே தெரியும்.

பெண் விடவில்லை. கல்யாணத்தை மறுத்தார். ஆஸ்பத்திரி அறிக்கைகளைத் தருவித்து, விடியுமுன் எழுந்து படித்தார். 31-வது வயதில், 1851-ல், ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போய், அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் 3 மாதம் தங்கி வேலை பழகினார். 1853-ல் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்புக் கிடைத்தது.

வந்தவர்கள் யார்?

1854-ல் கிரிமியா சண்டை. ருஷியாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் போரிட்டன. காயம் பட்ட சிப்பாய்கள் கவனிப்பார் இல்லாமல் சாகிறார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. நர்சுகளை அழைத்துக்கொண்டு துருக்கிக்குப் போகும்படி மந்திரி சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேல் அம்மையாரைக் கேட்டுக்கொண்டார்.

40 நர்சுகள் வேண்டும். அவகாசம் ஒரு வாரம்கூட இல்லை. மந்திரியின் லண்டன் வீட்டிலேயே பேட்டி நடந்தது. அம்மையாரின் தோழிகள் உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரித்தார்கள். சம்பளம் லண்டன் ஆஸ்பத்திரிச் சம்பளத்தைவிட அதிகம். ஆகவே சம்பளத்துக்காக வந்தவர்களே மிகுதி.

40 பேர் தேறவில்லை. 38 பேர்தான் தேறினார்கள். அதில் 24 பேர் கன்னிமாடங்களையும் மதத் தொண்டு சங்கங்களையும் சேர்ந்தவர்கள். சம்பளத்துக்கு வந்த ஆஸ்பத்திரி நர்சுகள் 14 பேர். சின்ன வயதுப் பெண்கள் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். அம்மையாரின் உத்தரவுக்குக் கட்டுப்படுவதாக எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 21-ந் தேதி புறப்பட்டு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு பழைய பட்டாளக் கட்டிடம்தான் ஆஸ்பத்திரி.

ராணுவ டாக்டர்கள் பெண்களை உள்ளே விடவில்லை. அம்மையார் சண்டை பிடிக்கவில்லை. டாக்டர்கள் கூப்பிடும்வரை ஒருவரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். கண்ணெதிரே சிப்பாய்கள் துடிக்கிறார்கள். நர்சுகளோ உட்கார்ந்து கட்டுத் துணி தைத்துக்கொண்டு இருந்தார்கள்! சில நாளில் இங்கர்மன் போர்க்களத்தில் இருந்து காயம் பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்தார்கள். டாக்டர்களே ஓடி வந்து கூப்பிட்டார்கள்.

பேட்டியில் தேறியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நன்றாக உழைத்தவர்கள் உண்டு. புண்ணைக் கழுவத் தெரியாதவர்கள் உண்டு. சாராயம் குடித்து மாட்டிக்கொண்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பாதிரியார் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அவர்களிடமும் இருந்திருக்கும்.

டிசம்பரில் வேறு ஒரு தொல்லை. அம்மையாரைக் கேளாமலே இன்னும் 46 பேரைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அழைத்து வந்தவர், முதலில் பேட்டி நடத்திய தோழிகளில் ஒருவர்! அம்மையாருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மந்திரிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். பெரும் பகுதியினரைத் தன் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்தார்.

தவறவிட்ட ஒருவர்

தகுதி இல்லாதவர்களை உள்ளே விட்டது ஒரு தவறு. தகுதி உள்ள ஒருவரை வெளியே நிறுத்தியது இன்னொரு தவறு.

மேரி சீகோல் என்ற அம்மாள் ஜமைக்கா தீவைச் சேர்ந்தவர். காலராவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் நோயாளிகளைக் கவனித்துப் பழகியவர். அவர் லண்டனுக்கு வந்து, கிரிமியாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். நைட்டிங்கேல் அம்மையார் அதற்குள் கப்பல் ஏறிவிட்டார். பேட்டி நடத்தியவர்கள் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தன் தோலின் நிறம்தான் காரணமோ என்று அந்த அம்மாள் மனம் நொந்தார்.

ஆனாலும் திரும்பிப் போகவில்லை. சொந்தப் பணத்தில் கிரிமியாவுக்கே போய், 1855-ல் போர்க்களத்துக்கு அருகில் ஒரு விடுதி அமைத்தார். அங்கே சிப்பாய்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தார். கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் இவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்குமா?

கணக்குப் பிள்ளை

1855-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் 100-க்கு 42 பேர் செத்தார்கள். மார்ச்சில் சுகாதார கமிஷனர்கள் வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் அது 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

அம்மையார் இந்தக் கணக்கை மறக்கவே இல்லை. ஊர் திரும்பியதும் புள்ளிவிவரங்களைப் படமாக வரைந்து மந்திரிகளிடம் காட்டினார். எழுதி வைக்காத எதையும் நம்பக்கூடாது என்பது அவர் சுபாவம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதும் பாட்டிமாரை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ரகம்.

மார்க் தாள்

அம்மையாரின் பெயரால் மக்கள் நிதி திரட்டினார்கள். சுமார் 45 ஆயிரம் பவுன் சேர்ந்தது. அந்த நிதியில் இருந்து, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 1860-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி நர்சு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது.

முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். வயது 25-க்கும் 35-க்கும் இடையே இருக்க வேண்டும். நன்னடத்தைக்குச் சாட்சிப் பத்திரம் வேண்டும். சாப்பாடு, தங்கும் இடம், உடுப்பு எல்லாம் இலவசம். கைச் செலவுக்கு வருஷத்துக்கு 10 பவுன். ஓராண்டுப் பயிற்சி. வெளியே போனால் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராகத்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தாள். மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மாள் அதை மாதம் தவறாமல் நிரப்ப வேண்டும்.

தாளில் இரண்டு பாகம். ஒன்று, நடத்தை. அதில் 5 தலைப்பு: நேரம் தவறாமை, சத்தம் போடாமை, நம்பிக்கை, உடல் சுத்தம், வார்டை நிர்வகிக்கும் திறமை. இரண்டாவது பாகம், வேலை. அதில் 14 தலைப்பு. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அட்டையைக் கடிக்க விட்டு ரத்தம் எடுப்பது, எனிமா கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது, படுக்கை விரிப்பது, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது, இரவும் பகலும் வார்டில் நல்ல காற்று வரச் செய்வது, பாத்திரங்களைச் சுத்தமாக வைப்பது, இப்படிப் போகிறது பட்டியல். நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கும் மார்க் உண்டு. நாடி எப்படி, பசி எப்படி, தூக்கம் எப்படி, சளியின் நிறம் என்ன என்று டாக்டருக்கு அவள் சரியாகச் சொல்ல வேண்டும்.

மார்க் 5 வகை. மிக நன்று, நன்று, சுமார், குறைவு, பூஜ்யம்.

நல்ல பெண் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக இந்தத் தாளில் இடம் இல்லை. எதில் நல்லவள்? கட்டுப் போடுவதிலா, வாயைக் கட்டுவதிலா? அதைத்தான் தாள் கேட்டது. அதுவும் ஒருநாள் பார்த்து மார்க் போடவில்லை. 12 மாதம் பார்த்துப் போட்டார்கள். பேட்டி அன்று எல்லோரும் நல்ல பிள்ளைதான்! ராத்திரி 2 மணிக்கு, நான்காவது தடவையாகத் தண்ணீர் கேட்கும் கிழவனுக்கு எழுந்து போகிறாளா என்பது வார்டில்தான் தெரியும்.

மார்க் போட்டவர் சரியா?

அம்மையாரின் உடம்பு கிரிமியாவிலேயே கெட்டுவிட்டது. ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தைத் தாள்களின் வழியாகத்தான் பார்த்தார். தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

சுமார் 10 ஆண்டு கழித்து விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. பாடம் நடத்த வேண்டிய டாக்டர் பாடமே நடத்தவில்லை. மேட்ரன் போட்ட மார்க்கும் நம்பும்படி இல்லை. பிடித்த பெண்ணுக்கு ஒரு மார்க், பிடிக்காத பெண்ணுக்கு ஒரு மார்க்!

அம்மையார் தாளைக் கிழித்துப் போடவில்லை. டாக்டரை மாற்றினார். 1872 முதல், பயிற்சி பெறும் பெண்களைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். ஒவ்வொருவராக உட்காரவைத்து, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். அவள் போன பிறகு, அவள் எப்படிப்பட்டவள் என்று தன் கைப்பட எழுதி வைத்தார். மேட்ரனின் தாளையும் தன் குறிப்பையும் ஒத்துப் பார்த்தார். அந்தக் குறிப்புகளில் தாட்சணியமே கிடையாது.

சென்னையில்

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவைப் பற்றி அவர் எழுதியது கொஞ்சம் அல்ல. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் வந்த கமிஷன் அறிக்கைக்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. இந்திய ஆஸ்பத்திரிகளில் நர்சு வேலையை எப்படி அமைக்கலாம் என்று 1865-ல் யோசனைகள் எழுதினார். 1866-ல் சென்னைக் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு, அவருக்குத் துருக்கி நாட்களிலேயே பழக்கமானவர்.

1871-ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சி தொடங்கியது. சேர்ந்தவர்கள் 4 பேர்.

பிறகு 1928-ல் இரும்புலியூருக்குப் பக்கத்தில், தாம்பரத்தில், டாக்டர் சவுரி முத்து காசநோய் சானடோரியம் அமைத்தார். மருந்து கண்டுபிடிக்காத அந்த நாளில் நல்ல காற்றும் ஓய்வும் உணவும் நர்சின் கவனிப்பும்தான் மருந்து. நோயாளி மூச்சு விடும் காற்றைச் சுத்தமாக வை என்பது அம்மையாரின் நர்சு புத்தகத்தில் முதல் பாடம்.

பரீட்சைக்கு எதிர்ப்பு

மார்க் போடக் கற்றுக் கொடுத்த அதே அம்மையார், வயதான காலத்தில் நர்சு பரீட்சையை எதிர்த்தார். வேடிக்கையாக இல்லையா?

1887-ல் இங்கிலாந்தில் நர்சுகள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நர்சுகளுக்கும் பதிவேடு வேண்டும், 3 ஆண்டு படித்துப் பரீட்சையில் தேறியவர்களே நர்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். முன்னின்று நடத்தியவர் பெட்போர்டு பென்விக் அம்மாள். அவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர்தான்.

நைட்டிங்கேல் அம்மையார் ஒப்பவில்லை. பரீட்சையில் படிப்பு தெரியும், குணம் எப்படித் தெரியும் என்று கேட்டார். ஒருதடவை பதிவேட்டில் ஏறிய பெயர், அவள் கெட்டுப்போன பிறகும் அப்படியே இருக்குமே என்றார். சண்டை பல ஆண்டு நடந்தது. 1893-ல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. பதிவேடு என்ற பெயர் கிடைக்கவில்லை. நர்சுகள் பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கிடைத்தது.

அம்மையார் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் பதிவேடு இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நர்சு என்று சொல்லலாமே! அதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 1919-ல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்தது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்க 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 2015-ல் நர்சுகளுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. எழுத்துத் தேர்வில் சிபாரிசு நுழைய முடியாது. ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் கேட்கும் கிழவனும் அதற்குள் நுழைய முடியாது.

கடைசிக் காலம்

அம்மையாருக்குக் கடைசி ஆண்டுகளில் கண் பார்வை போயிற்று. நினைவும் மங்கியது. 1907-ல் மன்னர் பெரிய விருது கொடுத்தார். அதுவரை அந்த விருதைப் பெற்ற பெண் ஒருவரும் இல்லை.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 90. மன்னர்களையும் மகான்களையும் அடக்கம் செய்யும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசாங்கம் முன்வந்தது. அம்மையாரின் விருப்பப்படி உறவினர்கள் மறுத்துவிட்டார்கள்.

தகப்பனார் வீட்டுக்கு அருகே, கிழக்கு வெல்லோ என்ற கிராமத்தில், பெற்றோரின் சமாதியிலேயே அடக்கம் நடந்தது. ஆறு சிப்பாய்கள் பெட்டியைச் சுமந்தார்கள். கல்லில் அவருக்காகப் பொறித்தது எப்.என். என்ற இரண்டு எழுத்தும், பிறந்த தேதியும், இறந்த தேதியும்தான்.