பூசணிக்காயில் பழகிய சுஸ்ருதர்

குழந்தைகளே, நம் சேலம், நாமக்கல் பக்கம் காதுகுத்து என்றால் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிடும். குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி காது குத்துவார். குழந்தை வீல் என்று அழும். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துச் சமாதானம் செய்வார்கள்.

காது குத்துவது எப்படி என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிய மருத்துவர் ஒருவர் உண்டு. அவர்தான் சுஸ்ருதர்.

அவர் விசுவாமித்திரரின் மகன் என்று அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. தோழர்களோடு சேர்ந்து காசி அரசர் திவோதாசரிடம் மருத்துவம் கற்கப் போனார். எல்லோர் சார்பிலும் குருவிடம் கேள்வி கேட்பது யார் என்ற பேச்சு வந்தது. தோழர்கள் அனைவரும் சுஸ்ருதரையே காட்டினார்கள். அவர் கேட்கக் கேட்க, குரு விளக்கிய பாடங்களே 'சுஸ்ருத சம்ஹிதை' என்னும் நூலாக அமைந்தன.

காது குத்த அவர் சொன்ன முறையைப் பாருங்கள். ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குழந்தையை மடியில் வைத்து, விளையாட்டுப் பொருள் காட்டி மகிழ்விக்க வேண்டும். காதை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் மெல்லிய இடம் ஒன்று வெளிச்சமாகத் தெரியும். அங்கேதான் குத்த வேண்டும். ரத்தம் மிகுதியாக வந்தால், வலி அதிகமானால், இடம் தவறிவிட்டது என்று அறிய வேண்டும்.

அந்தக் காலத்தில் காதில் கனமான நகை அணிவார்கள். பாரம் தாங்காமல், தோடு போடும் சோணை இரண்டாக அறுந்து போகும். அதைச் சேர்த்துத் தைக்க 15 வகை முறைகளைச் சுஸ்ருத சம்ஹிதை கூறுகிறது. சோணையே இல்லாதவருக்குக் கன்னத்துத் தோலை எடுத்துப் புதிதாக அமைக்கவும் வழி சொல்கிறது.

அந்தத் தோலை முழுவதும் வெட்டி எடுப்பதில்லை. ரோஜாச் செடியில் பதியன் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் பிடிக்கும் வரை கிளையைத் தாய்ச் செடியிலிருந்து பிரிக்க மாட்டார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒரு பக்கம் கன்னத்தோடு ஒட்டியிருந்தால் தோலுக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தோல் உயிரோடு இருக்கும்.

மூக்கு அறுந்தவருக்கும் இதே முறைதான். ஓர் இலையை மூக்கின் அளவுக்கு வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்துத் தைத்தார்கள். மூச்சு விடுவதற்காக இரண்டு சிறு குழாய்களையும் உள்ளே வைத்தார்கள்.

தொண்டையில் எலும்போ முள்ளோ சிக்கினால்? முடியை உருண்டையாக்கி, நீண்ட நூலில் கட்டி, கஞ்சி போன்ற நீர் உணவோடு விழுங்கச் செய்வார்கள். பிறகு வாந்தி வரவழைப்பார்கள். முள் முடியில் சிக்கியதும் நூலைச் சட்டென்று இழுத்துவிடுவார்கள். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது! இன்று இதற்கென்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் இருக்கிறார்கள். மீன் முள்ளோ நிலக்கடலையோ சிக்கினால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இன்று போன்ற மயக்க மருந்து இல்லாத காலம் அது. மருத்துவரின் கை தடுமாறினால் துன்பம் நோயாளிக்குத்தான். அதனால், எல்லா நூல்களையும் படித்தவரானாலும் கை பழகாதவர் அறுவைக்குத் தகுதியற்றவர் என்று சுஸ்ருத சம்ஹிதை கண்டிப்பாகக் கூறியது.

பழகுவது எதில்? பூசணி, சுரைக்காய், வெள்ளரியில் வெட்டிப் பழக வேண்டும். கெட்டித் துணியின் ஓரத்தில் தையல் போட வேண்டும். பலாப்பழத்தில் சுளை எடுக்க வேண்டும். காதை ஒட்டும் வேலைக்கு மென்மையான இறைச்சித் துண்டும் ஆம்பல் தண்டும். கட்டுப் போட்டுப் பழக ஆள் உயரப் பொம்மை! இத்தனைக்கும் பிறகுதான் மனித உடம்பைத் தொடலாம்.

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத்தில் இந்நூல் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. நம் நாட்டில் இந்த வித்தை கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். அந்தப் போரின் முடிவில்தான் நம் சேலம் சீமையும் கம்பெனியின் கைக்கு மாறியது. புனேயில் நம் நாட்டு வைத்தியர் ஒருவர் கவாஸ்ஜிக்கு நெற்றித் தோலால் புது மூக்கு அமைத்தார். கன்னத்துக்குப் பதில் நெற்றி. பதியன் முறை மட்டும் அதேதான்.

1794-இல் இச்செய்தி லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வந்தது. ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் உயிரற்ற உடலில் செய்து பழகி, 1814-இல் லண்டனில் ஒருவருக்கு இந்த அறுவையைச் செய்தார். இன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அறுவை மருத்துவர் கல்லூரியில் சுஸ்ருதருக்குச் சிலை இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, சுஸ்ருதர் தயங்காமல் கேள்வி கேட்டார். கை பழகிய பிறகே கத்தியைத் தொட வேண்டும் என்றார். அடுத்த முறை காதுகுத்துக்குப் போகும்போது, அந்தச் சின்னக் காதை வெயிலில் உற்றுப் பாருங்கள். சுஸ்ருதர் நினைவுக்கு வருவார்.