தமிழ் தெரியாத நேதாஜியின் பேச்சு தோட்டத் தமிழரை எழ வைத்தது எப்படி?

கோலாலம்பூர் – நேதாஜி சுபாஷ் சந்திர போஸுக்குத் தமிழ் தெரியாது. மலாயா மேடைகளில் அவர் இந்துஸ்தானியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். பக்கத்தில் நிற்பவர் அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வார். இப்படி இன்னொருவர் வாய்வழி வந்த பேச்சைக் கேட்டுத்தான் பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. பெண்கள் தோட்டையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

மொழிபெயர்க்கும்போது எதுகையும் மோனையும் உதிர்ந்துவிடும். குரலின் ஏற்ற இறக்கமும் பாதி போய்விடும். ஆனாலும் நேதாஜியின் பேச்சு வலுவிழக்கவில்லை. அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்கிறது.

கட்டாக்கிலிருந்து சிங்கப்பூருக்கு

1897 ஜனவரி 23-ஆம் நாள் ஒடிசாவின் கட்டாக் நகரில், வசதியான வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர் போஸ். தந்தை வழக்கறிஞர். 1920-இல் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த உத்தியோகம் அது. மறு ஆண்டே அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாடு திரும்பினார்.

1938-இல் காங்கிரஸ் தலைவரானார். 1939-இல் காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமையாவைத் தோற்கடித்து மீண்டும் வென்றார். கருத்து வேறுபாடு முற்றியதால் சில மாதங்களிலேயே பதவி விலகினார். 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பி, காபூல் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏறி, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்தார். ஜூலை 2-ஆம் நாள் சிங்கப்பூரில் இறங்கியபோது அவருக்கு வயது 46.

அவர் கண்ட கூட்டம்

அவர் பேச வந்த நேரத்தில் மலாயாத் தமிழர்கள் அடிமேல் அடி வாங்கியிருந்தார்கள். 1941-இல் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும், பெண்கள் மீதான அத்துமீறல்களை நிறுத்தவும் கேட்டார்கள். அரசு ராணுவத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டின் கடைசியில் ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. சயாம் – பர்மா ரயில் பாதை போட ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். போனவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை.

விடியற்காலைப் பெரட்டில் நின்று துரை, கிராணி, கங்காணி என்று ஒவ்வொருவர் கட்டளையாகக் கேட்டே பழகியவர்கள் இவர்கள். இவர்கள் முன்னால்தான் நேதாஜி மேடை ஏறினார்.

பேச்சின் கட்டுமானம்

1943 ஜூலை 5-ஆம் நாள் சிங்கப்பூர் பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் முன் அவர் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். தலைவர்கள் வழக்கமாக நல்ல காலத்தை வாக்களிப்பார்கள். அவரோ பசி, தாகம், ஓயாத நடை, சாவு ஆகியவற்றைத் தவிர இப்போதைக்குத் தன்னால் எதுவும் தர முடியாது என்றார். இது எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கும் உத்தி. 1849-இல் ரோமில் கரிபால்டி தம் வீரர்களிடம் இப்படித்தான் பேசினார். 1940 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலும் இதையே செய்தார். நேதாஜியின் எதிரி கையாண்ட உத்தியும் இதுதான். கஷ்டத்தை முன்கூட்டியே சொல்லிவிடுபவர் ஏமாற்ற மாட்டார் என்று கேட்பவர் நம்பத் தொடங்குகிறார்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் இலக்கு. சுதந்திரம் என்பது கைக்குப் பிடிபடாத சொல். அவர் அதை ஓர் ஊராக, ஒரு கோட்டையாக மாற்றினார். டில்லிக்குப் போக வேண்டும், செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்த வேண்டும். டில்லியைப் பார்த்திராத தோட்டப் பாட்டாளிக்கும் இது புரிந்தது.

மூன்றாவது, எண்ணும் அடுக்கும். ஜூலை 9-ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் மூன்று லட்சம் வீரர்களையும் மூன்று கோடி டாலரையும் கேட்டார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று படையின் கொள்கையும் மூன்றே சொல்லில் நின்றது. மும்மூன்றாக வருவது மனத்தில் தங்கும், எந்த மொழியில் சொன்னாலும் சிதையாது.

நான்காவது, கொடுக்கல் வாங்கல். 1944-இல் பர்மாவில் அவர் பேசிய புகழ்பெற்ற பேச்சின் சாரம் இரண்டு பாதிகள்தான்: குருதி உங்களுடையது, விடுதலை என் பொறுப்பு. ஒரு பாதியைக் கேட்டதும் மனம் மறு பாதிக்குக் காத்திருக்கிறது.

இந்த உத்திகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் இருந்தது. அவர் கட்டளை போடவில்லை, கேட்டார். அதுவரை எல்லாரும் எடுத்துக்கொண்டு மட்டுமே போன ஒரு சமூகத்திடம், நாட்டுக்குக் கொடுக்க உன்னிடம் ஏதோ இருக்கிறது என்றார். கூலி என்று அழைக்கப்பட்டவர், கொடுப்பவராக நிமிர்ந்தார்.

கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த ஜானகி, பதின்ம வயதில் அவர் பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். பிறகு, சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதியானார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் இவர்தான்.

சொல்லுக்குத் துணை நின்ற செயல்

சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியினரையும் எல்லா மதத்தினரையும் உள்ளே விடுவதானால்தான் வருவேன் என்றார். நிர்வாகத்தினர் இணங்கிய பிறகு முஸ்லிம் அதிகாரிகளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றார். ஒற்றுமை என்று மேடையில் சொன்ன சொல்லுக்கு அன்று சாட்சி கிடைத்தது.

கொடுத்த விலை

பேச்சின் வலிமை போரின் முடிவை மாற்றவில்லை. 1944-இல் இம்பால் போர்முனை மழையிலும் பசியிலும் நோயிலும் சிதறியது. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பலர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குத் தமிழரை அனுப்பிய அதே ஜப்பானியரோடு நேதாஜி கைகோத்தது சரியா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. அந்த ரயில் பாதைக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. எல்லாருமே பேச்சில் மயங்கிப் போனவர்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் வாக்களித்த பசியிலும் நடையிலும் அவர் பங்கெடுத்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது ஜான்சி ராணிப் படைப் பெண்களுடன் அவரும் நடந்தார். காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளமாக இருந்ததை ஜானகி பார்த்திருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் தைப்பேயில் நேர்ந்த விமான விபத்தில் நேதாஜி காலமானார்.

அவர் கேட்ட டில்லிக்கு அந்தப் படை போய்ச் சேரவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் பழைய ஆட்களாக வரவில்லை. நேதாஜியின் இயக்கத்தில் இருந்த ஜான் திவி 1946-இல் ம.இ.கா.வின் முதல் தலைவரானார். அக்கட்சி உருவானதில் ஜானகிக்கும் பங்குண்டு. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவரே. தோட்டங்களிலும் ஊருக்கு ஊர் தொழிற்சங்கங்கள் முளைத்தன.

துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கிய காலம் அவர்களோடு முடிந்துபோனது.