மரத்துக்குப் பாசிக் கட்டு போட்ட மெக்ஐவர்

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, அடியில ஜல்லி, அதுமேல மண், அதுக்கும் மேல பச்சைப் பாசின்னு வச்சு மூடி, டெரேரியம்னு நீங்களும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருப்பீங்க. ரெண்டு வாரத்துல பாசி பழுப்பாகியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. எங்க ஊரு திருப்புட்குழியில ஐப்பசி மழை பேஞ்சா கிணத்துக்கட்டு, மதில்சுவர் எல்லாம் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி ஆயிடும். சித்திரையில காய்ஞ்சு கருகிக் கிடக்கும், ஒரு மழைக்கு மறுபடி பச்சை. யாரும் வளர்க்காமலே வளர்றது என் பாட்டில்ல மட்டும் ஏன் செத்துச்சுன்னு தேடப் போய்த்தான் இந்த மனுஷன் எனக்குக் கிடைச்சார்.

(குளத்துப் படியில வழுக்கி விடுதே, அது பெரும்பாலும் ஆல்கா. சுவர்ல குட்டிக் குட்டி இலையோட மெத்துன்னு இருக்கிறதுதான் மாஸ். ரெண்டையும் நாம பாசின்னுதான் சொல்றோம். இங்க நான் சொல்றது ரெண்டாவது.)

பேரு வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். ஊட்டி தாவரவியல் பூங்காவுல நீங்க செல்ஃபி எடுத்திருந்தா, அவர் போட்ட தோட்டத்துலதான் நின்னிருக்கீங்க. ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் கியூ தோட்டத்துல வேலை பார்த்தவர். 1847-ல, மாஸுக்கு நெருங்கின சொந்தமான லிவர்வொர்ட் செடிகளைக் காயவச்சு, பேர் எழுதி, பாக்கெட் சைஸ்ல ஒரு தொகுப்பு வெளியிட்டார். யாரும் குனிஞ்சுகூடப் பார்க்காத செடிங்க அதெல்லாம். அடுத்த வருஷமே ஊட்டிக்கு வந்துட்டார். கீழே சதுப்பு, மேலே காடுன்னு கிடந்த சரிவைப் பூங்காவா மாத்த அவருக்குப் பத்து வருஷம் கிட்ட ஆச்சு.

அப்புறம்தான் சின்கோனா வந்தது. மலேரியாவுக்கு அன்னைக்கு இருந்த நல்ல மருந்து குயினைன், அதாவது நம்ம தாத்தாக்கள் சொன்ன கொய்னா. அது அந்த மரத்தோட பட்டையில இருந்து வருது. மரமோ தென் அமெரிக்காவுல. 1860-ல மார்க்கம் பெருவுல இருந்து கண்ணாடிப் பெட்டிகள்ல கொண்டு வந்த கன்றுங்க பிழைக்கல. வார்டுங்கிற லண்டன் டாக்டர் கண்டுபிடிச்ச பெட்டி அது. உங்க டெரேரியத்துக்குத் தாத்தான்னு வச்சுக்கோங்க. 1861 ஏப்ரல்ல ஈக்வடார்ல இருந்து 463 செங்கொய்னா கன்றுங்க உயிரோட ஊட்டி வந்து சேர்ந்துச்சு. மெக்ஐவர் அதுல இருந்து துண்டு துண்டா வெட்டி நட்டுப் பெருக்கி, தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் எல்லாம் தோட்டம் போட்டார். பத்து வருஷத்துக்குள்ள மரங்க பல லட்சம். நடுவட்டத்துல கைதிகளை வச்சும் வேலை வாங்கினாங்க. அவங்க பேரை யாரும் எழுதி வைக்கல.

ஆனா ஒரு சிக்கல். பட்டையைச் சுத்தி உரிச்சா மரம் செத்துடும். வெட்டினா, மறுபடி வளர வருஷக்கணக்குல காத்திருக்கணும். மெக்ஐவர் என்ன பண்ணார் தெரியுமா? மேலிருந்து கீழா ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பட்டையை நாடா மாதிரி உரிச்சார். பக்கத்துல அதே அளவை விட்டுட்டு, மறுபடி ஒண்ணு. உள்ளே இருக்கிற ஈரமான கேம்பியம் படலத்துல கை படக் கூடாது, நகம் பட்டாலே கெட்டுப்போகும். உடனே மரத்தைச் சுத்தி ஈரப் பாசியை வச்சுக் கட்டினார். காயத்துக்குக் கட்டு போடுற மாதிரியேதான்! உரிச்ச இடத்துல புதுப் பட்டை வந்துச்சு. சில மாசம் கழிச்சு, விட்டு வச்ச பட்டையையும் எடுக்கலாம். சோதிச்சுப் பார்த்தா, புதுப் பட்டையில குயினைன் பழசை விட அதிகம். வெளிச்சம் படாததுதான் காரணம்னு அப்ப நினைச்சாங்க.

ஏன் பாசி? அதுக்கு வேர் இல்ல, தண்ணியை உடம்பாலேயே குடிச்சுப் பிடிச்சு வச்சுக்கும். காத்தும் உள்ள போகும். சின்ன வயசுல லிவர்வொர்ட் பொறுக்கினவருக்குத்தான் இது தோணியிருக்கும்னு எனக்கு ஒரு ஊகம். என் பாட்டில் செத்ததும் இதனாலதான். வேர் இல்லாத செடிக்கு அடியில தண்ணி தேங்க விட்டேன், மூடி போட்டு வெயில்ல வச்சு வேகவச்சேன்.

பாசி கிடைக்காத ஊர்கள்ல காய்ஞ்ச புல்லைக் கட்டியும் இதைச் செஞ்சு பார்த்தாங்க. ஆனா ஜாவாவுல டச்சுக்காரங்க வளர்த்த லெட்ஜெரியானா ரகத்துல குயினைன் ரொம்ப அதிகம், சந்தை அங்க போயிடுச்சு. அதைப் பார்க்க மெக்ஐவர் இல்ல. 1876-ல ஊட்டியிலேயே இறந்துட்டார்.

இப்ப என் ரெண்டாவது பாட்டில் நிழல்ல இருக்கு. மழைத்தண்ணியை ஸ்ப்ரே பண்றேன், தினம் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைக்கிறேன். நாற்பது நாளாச்சு, இன்னும் பச்சையாதான் இருக்கு.