ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோ

விமானம் என்ற சொல் எமக்குப் புதியதன்று. புட்பக விமானத்தின் கதையைப் பாட்டிமாரிடம் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் எம்மிடையே மிகச் சிலரே. நினைத்த இடத்துக்குத் தானாகவே போய்ச் சேரும் விமானம் அது. ஏறியிருப்பவர் வழியைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மனிதன் தன் கையாற் செய்த விமானமோ அத்தகையதன்று. அது நிலத்தைவிட்டு எழுவதே பெரும்பாடு. எழுந்தபின் எங்கே போகிறோம் என்று அறிவது அதனிலும் பெரும்பாடு. இவ்விரு பாட்டையும் ஒருங்கே பட்டவர் பிரான்சு தேசத்து லூயி பிளேரியோ.

1909ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை விமானத்திற் பறந்து கடந்தார் என்று பள்ளிப் புத்தகங்கள் அவரைப்பற்றி ஒரு வரி சொல்லும். அந்தப் பயணம் 36 நிமிடங்களே நீடித்தது. அதற்குள்ளும் சுமார் பத்து நிமிடங்கள் உண்டு. முன்னே கரையில்லை, பின்னே கரையில்லை, கையிலே திசைகாட்டியும் இல்லை. அந்தப் பத்து நிமிடங்களுக்கு வந்து சேர அவருக்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன.

பிளேரியோ 1872ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் தேதி பிரான்சின் வடபகுதியிலுள்ள கம்பிரே என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் துணி உற்பத்தி செய்பவர். மகன் பாரிசிலே புகழ்பெற்ற பொறியியற் கல்லூரியிற் பயின்று 1895இல் வெளியேறினார். மோட்டார் கார்கள் தெருவுக்கு வரத் தொடங்கிய காலம் அது. இருட்டில் அவற்றை ஓட்டுவதற்கேற்ற நல்ல விளக்கு இல்லாதிருந்தது. அசெற்றிலீன் வாயுவில் எரியும் முன்விளக்கொன்றை அவர் அமைத்தார். அது நன்கு விலைபோயிற்று. 1901இல் அலிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். நல்ல தொழில், நல்ல வருவாய், நல்ல குடும்பம். இத்தோடு அமைந்திருந்தால் நாம் அவர் பெயரை இன்று அறிந்திருக்கமாட்டோம்.

ஆனால் அவருக்குப் பறவைப் பித்துப் பிடித்திருந்தது. 1900இலேயே சிறகடிக்கும் யந்திரமொன்றைச் செய்து பார்த்தார்; அது எழவில்லை. 1905இல் கபிரியேல் வொய்சின் என்பவரைக் கொண்டு மிதவை பூட்டிய விமானமொன்றைச் செய்வித்துச் சேன் நதியில் மோட்டார்ப் படகாற் கட்டி இழுப்பித்தார். அது கவிழ்ந்து, உள்ளிருந்த வொய்சின் மூழ்கிச் சாகத் தெரிந்தார். பின்பு வால் முன்னாக ஒன்று, இறக்கை இரட்டையாக ஒன்று, தும்பியைப்போல ஒன்று என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டேயிருந்தார். அவற்றுக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாக இலக்கமிட்டார். பெயர் தேடியிருந்தால் அகராதியே போதாது போயிருக்கும். விளக்கு வியாபாரத்தில் வந்த பணம் இதிலே கரைந்தது. மனைவியின் சீதனப் பணத்திலுங் கைவைத்தார் என்பர்.

விழுவதிலே அவருக்கிருந்த பழக்கம் வேறெவருக்கும் இருந்திருக்குமோ என்பது ஐயம். 1907ஆம் ஆண்டு செப்டெம்பரில் 80 அடி உயரத்திலே பொறி நின்று, விமானம் மூக்குக் குத்தி விழத் தொடங்கியது. பிளேரியோ ஆசனத்தைவிட்டு எழுந்து வாற்பக்கமாகப் பாய்ந்தார். பாரம் பின்னே போனதும் விமானத்தின் தலை சற்று நிமிர்ந்தது. நிலத்தில் மோதியும் அவர் முகத்திலே சிறு கீறல்களோடு தப்பினார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது எளிது. விழுந்துகொண்டிருக்கும்போதே விழும் காரணத்தை ஆராய்கின்ற ஒரு மனம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திடலுக்கு மேலே வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறங்குவது ஒரு வித்தை. ஊர்விட்டு ஊர் போவது முற்றிலும் வேறான வித்தை. 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி என்றி பார்மன் என்பவர் பூயி என்னும் ஊரிலிருந்து றைம்ஸ் நகருக்குச் சுமார் 17 மைல் பறந்தார். மறுநாளே பிளேரியோ தூரி என்னும் ஊரிலிருந்து ஆர்த்தனே சென்று, இடையில் இருமுறை இறங்கி, மீண்டும் தூரிக்கு வந்து சேர்ந்தார். அந்நாளிலே வானோட்டிக்கு வழி சொல்வார் எவருமில்லை. இருப்புப்பாதையும் தெருவும் கோயிற் கோபுரமும் ஆறுமே அவனுக்கு வழிகாட்டிகள். தூரியும் ஆர்த்தனேயும் பாரிசிலிருந்து ஓர்லியானுக்குப் போகும் இருப்புப்பாதையிலுள்ள ஊர்கள் என்பதைப் படத்தைப் பார்ப்போர் காண்பர். திறந்த ஆசனம், முகத்துக்கு முன்னே கண்ணாடித் தடுப்புமில்லை. பொறியிலிருந்து சூடான எண்ணெய் தெறித்துக்கொண்டேயிருக்கும். இந்த நிலையில் மடியிலே படத்தை விரித்து வைத்துப் பார்ப்பது எங்ஙனம்? வழியை முன்னரே மனத்திற் பதித்துக்கொண்டு, கீழே தெரிவதை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே செய்யக்கூடியது.

கால்வாயைக் கடந்த விமானம் அவருடைய பதினோராவது இலக்கம். றேமொன் சோல்னியே என்னும் இளம் பொறியியலாளர் அதன் அமைப்பிலே பெரும்பங்கு கொண்டார். சட்டம் மரத்தாலானது; முன்பகுதியையே துணி மூடியிருந்தது, வாற்பகுதி எலும்புக்கூடுபோல வெறுஞ் சட்டமாக நின்றது. இறக்கையின் அகலம் 25 அடிக்குச் சற்று மேல். நிறை ஏறத்தாழ 500 இறாத்தல். அன்சானி என்பவர் செய்த மூன்று உருளைப் பொறி 25 குதிரைவலு கொண்டது. மோட்டார்ச் சைக்கிள் பொறிகளாற் பெயர்பெற்றவர் அந்த அன்சானி. காற்றினாலேயே குளிரவேண்டிய பொறி ஆதலால், நெடுநேரம் ஓடினாற் சூடேறி வலு இழந்துவிடும். 1909ஆம் ஆண்டு யூலை 13ஆந் தேதி இவ்விமானத்திலே எத்தாம்பிலிருந்து ஓர்லியானுக்கு 25 மைலுக்கு மேற் பறந்து பரிசொன்றையும் பெற்றார். நிலத்துக்கு மேலே அத்தனை தூரம் போனவருக்குக் கடல் பெரிய தூரமன்று. ஆனால் கடலில் இருப்புப்பாதை இல்லை, கோபுரமும் இல்லை.

இலண்டன் டெயிலி மெயில் பத்திரிகை, கால்வாயைப் பறந்து கடப்பவருக்கு ஆயிரம் பவுண் தருவதாக அறிவித்திருந்தது. சூரியன் உதித்து மறைவதற்குள் பறக்க வேண்டும் என்பது விதி. பலூனிலே 1785இலேயே இருவர் கடந்துவிட்டனர். காற்றினும் பாரமான யந்திரத்திற் கடந்தவர் எவருமிலர். மூவர் முன்வந்தனர். லாம்பேர் பிரபு என்பவர் ஒத்திகையிலேயே விமானத்தை உடைத்துக்கொண்டார். ஹியூபேர் லதாம் என்னும் அழகிய இளைஞர் யூலை 19ஆந் தேதி புறப்பட்டு, பொறி நின்றதாற் கடலில் இறங்கினார். மிதந்த விமானத்தின்மேல் அமர்ந்திருந்த அவரைப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அவருக்கு வேறொரு விமானம் வந்தது. அவர் சங்காத் என்னுமிடத்திலும் பிளேரியோ கலே நகருக்கருகே பராக் என்னுமிடத்திலும் காற்று அடங்குவதற்காகக் காத்திருந்தனர்.

பிளேரியோ ஊன்றுகோலுடன் வந்திருந்தார். அம்மாதத் தொடக்கத்திலே வேறொரு விமானத்தை ஓட்டுகையில் புகைக்குழாயின்மேற் சுற்றியிருந்த கல்நார் கழன்று, கொதிக்கும் உலோகம் அவர் சப்பாத்தைச் சுட்டுப் பாதத்தையுஞ் சுட்டது. அவரோ இறங்காமற் பொறி தானாக நிற்கும்வரை பறந்தார். அப்புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேற் சென்றது. சுக்கானைக் காலாலே இயக்கும் விமானத்திற் சுட்ட காலோடு கடல் கடக்கப் புறப்பட்டாரென்றால், அவர் மனைவியின் நெஞ்சு எப்படியிருந்திருக்கும்!

யூலை 25, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன்னர் நண்பர் லெபிளாங் எழும்பிப் பார்த்தார், காற்று அடங்கியிருந்தது. உடனே பிளேரியோவை எழுப்பினார். அலிஸ் அம்மையார் எஸ்கோப்பெற் என்னும் காவற் கப்பலில் ஏறிக் கடலுக்குச் சென்றார். லதாமின் முகாமிலோ எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தனர். விமானமும் துணிவும் லதாமுக்குங் குறைவில்லை. வேளைக்கு எழுப்பிவிட ஒருவர் இல்லாததே குறை. சிறிது நேரம் பறந்து பார்த்தபின், சூரியன் தலைகாட்டிய 4 மணி 41 நிமிடத்துக்கு பிளேரியோ கிளம்பினார். விமானத்தின் உடலுக்குள்ளே காற்றடைத்த இறப்பர்ப் பை ஒன்று வைக்கப்பட்டிருந்தது, விழுந்தால் மிதப்பதற்கு.

ஏறத்தாழ 250 அடி உயரம்; மணித்தியாலத்துக்கு 45 மைல் வேகம். முன்னே போன எஸ்கோப்பெற் கப்பலின் போக்கைப் பார்த்துத் தம் திசையை வைத்துக்கொண்டார். சில நிமிடங்களிற் கப்பலை முந்திவிட்டார். அப்போதுதான் அந்தப் பத்து நிமிடங்கள் தொடங்கின. மங்கலான வானமுங் கடலும் ஒன்றாய்க் கலந்தன. ஒரு கப்பல்தானுங் கண்ணிற் படவில்லை. முந்திய கப்பலும் பின்னே மறைந்துவிட்டது.

இந்நிலையில் மனிதர் வழக்கமாகச் செய்வது, இப்பக்கமோ அப்பக்கமோ என்று ஐயுற்றுத் திருப்பிப் பார்ப்பது. ஒருமுறை திருப்பினாற் பின் எது நேரென்று தெரியாது. எரிபொருள் முடியும்வரை கடலின்மேல் வட்டமிடவேண்டியதுதான். பிளேரியோ திருப்பவில்லை. விமானத்தைச் சமமாக வைத்துக்கொண்டு அது போன போக்கிலே நேராக விட்டார். பொறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அது 20 நிமிடத்தைக் கடந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் நேரே போனாலும் காற்று அவரை நேரே போகவிடவில்லை. நீரோட்டத்திலே வள்ளம் விடுபவருக்கு இது சொல்லாமலே விளங்கும். வள்ளத்தின் முகம் கரையை நோக்கியிருக்கும். நீரோ வள்ளத்தைப் பக்கமாகக் கொண்டுபோகும். கரை தெரியும்வரை அது எவ்வளவு கொண்டுபோயிற்றென்று அறிய வழியில்லை. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று அவரையும் அவ்வாறே கிழக்கே தள்ளியிருந்தது. இங்கிலாந்தின் வெண்பாறைக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது டோவர் முன்னே இல்லை. தாம் விலகிவிட்டதை அவர் உடனே உணர்ந்தார். துறைமுகத்துக்குப் போவனபோலத் தோன்றிய சில கப்பல்கள் கீழே சென்றுகொண்டிருந்தன. மாலுமிகள் ஆரவாரித்தனர். அவர்களிடம் வழி கேட்க அவருக்கு ஆங்கிலம் வராது! கப்பல்கள் போகுந் திசையே டோவர் என்று ஊகித்து, காற்றுக்கு எதிரே மேற்காகத் திரும்பிக் கரையோரமாய்ப் போனார். எனக்கு இப்பகுதியே அவர் பயணத்தின் சிறந்த பகுதியாகத் தெரிகிறது. காணாதபோது அசையாதிருந்தவர், கண்டபோது ஒரு கணமுந் தாமதிக்கவில்லை.

டோவர்க் கோட்டைக்கருகே பாறை பிளந்து புல்வெளியொன்று உண்டு. பொந்தேன் என்னும் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் முன்னதாகவே அங்கு சென்று, பெரிய பிரெஞ்சுக் கொடியொன்றை வீசிக்கொண்டு நின்றார். பிளேரியோ கொடியைக் கண்டு உள்ளே திரும்பினார். பாறைகளுக்கிடையே சுழன்ற காற்று விமானத்தை அலைத்தது. 60 அடி உயரமளவில் பொறியை நிறுத்தினார். விமானம் தொப்பென்று விழுந்து, சில்லுச்சட்டம் முறிந்து, முன்விசிறியும் உடைந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. புறப்பட்டு 36 நிமிடமும் சில விநாடியும் ஆகியிருந்தன.

கடல் கடந்து வந்தவர் ஆதலாற் சுங்க அதிகாரிகள் அவரைக் கப்பற்றலைவராகப் பாவித்துப் பத்திரம் எழுதினர். வானத்தால் வருபவருக்கென்று அவர்களிடம் வேறு படிவம் இருக்கவில்லை. அலிஸ் அம்மையாரை ஏற்றிய கப்பல் பின்னர் டோவரை அடைந்தது. விமானம் இலண்டனில் செல்ப்ரிட்ஜ் கடையிலே நான்கு நாள் வைக்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். கடலையும் கடற்படையையும் அரணாக நம்பியிருந்த ஆங்கிலேயர், தம் தேசம் இனித் தீவன்று என்று பேசத் தொடங்கினர். மூத்தோர் சிலர் அவர் வெற்றியை வாழ்த்திக்கொண்டே உள்ளூர அஞ்சியிருப்பர். பின்னர் நடந்த இரு மகாயுத்தங்கள் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டின.

பணமில்லாது நொந்திருந்தவரிடம் சில மாதங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கேட்டு வந்தனர். ஒன்றின் விலை 10,000 பிராங்கு. அவ்வாண்டு டிசெம்பரில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பலத்த காற்றிலே பறந்து வீட்டுக் கூரையொன்றின்மேல் விழுந்து விலாவெலும்பு முறிந்தார். மூன்று வாரம் வைத்தியசாலையிற் கிடந்தபின் போட்டிகளிற் பறப்பதைக் கைவிட்டார். விமானஞ் செய்வதும் பறக்கப் பழக்குவதும் அவர் தொழிலாயின. முதலாம் மகாயுத்தத்திலே பெயர்பெற்ற ஸ்பாட் போர்விமானங்கள் அவர் தலைமையிலிருந்த நிறுவனத்திற் செய்யப்பட்டவை.

அவருடைய வகை விமானம் எமது நாட்டுக்கும் வந்தது. 1912ஆம் ஆண்டு டிசெம்பரில் மார்க் பூர்ப் என்னும் பிரெஞ்சு வானோட்டி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பிளேரியோ விமானத்திற் பறந்து காட்டினார்.

1927இல் லிண்ட்பேர்க் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்து பாரிசுக்கு வந்தபோது, அவரை வரவேற்றோருள் பிளேரியோவும் ஒருவர். 1936ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி, தமது 64ஆவது வயதில், பாரிசிலே மாரடைப்பினாற் காலமானார். கால்வாயைக் கடந்த விமானத்தைப் பாரிசுப் பத்திரிகையொன்று வாங்கி அரும்பொருட்சாலைக்கு வழங்கிற்று. அச்சாலையின் ஒரு பகுதி, முன்னாளில் துறவியர் வழிபட்ட பழைய தேவாலயம். அங்கே உயர்ந்த வளைவுகளின்கீழ் அந்த மரச்சட்ட விமானம் தொங்கவிடப்பட்டிருக்கிறது.