ஒளியைத் திருப்பிய காந்தம்

இலண்டனை அடுத்த நியூயிங்டனில் 1791ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. வறுமையால் அவரது பள்ளிக்கல்வி தொடக்க நிலையிலேயே நின்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சென்ற அவர், கட்டுவதற்கு வந்த நூல்களையே ஆசிரியர்களாகக் கொண்டார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் இராயல் நிறுவனத்தில் டேவியின் உதவியாளரானார்.

இயற்கையின் ஆற்றல்கள் யாவும் ஒன்றோடொன்று உறவுடையவை என்பது ஃபாரடேயின் உறுதியான எண்ணம். காந்தத்திலிருந்து மின்சாரம் பெறும் வழியை 1831இல் கண்டார். ஆயின், ஒளிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைத் தேடி 1822இலும் அதன் பிறகும் செய்த ஆய்வுகள் பயனளிக்கவில்லை. பின்னர் உடல்நலம் குன்றியது, நினைவாற்றலும் தளர்ந்தது. ஆயினும் அவர் அந்த வினாவைக் கைவிடவில்லை.

1845ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று, பல பொருள்களைச் சோதித்துத் தோற்றபின், தாம் முன்பு உருவாக்கியிருந்த ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டை மின்காந்தத்தின் அருகே வைத்தார். அதன் வழியே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினார். எதிர்முனைப் படிகம் அவ்வொளியை முற்றிலும் மறைத்திருந்தது. மின்னோட்டம் பாய்ந்ததும் மறைந்த ஒளி மீண்டும் தோன்றியது. காந்தம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பியிருந்தது.

1862இல், காந்தப்புலம் சுடரொளியின் நிறமாலையை மாற்றுகிறதா எனத் தேடினார்; அவருடைய கருவிக்கு அது புலப்படவில்லை. 1867இல் அவர் மறைந்தார். அந்த முயற்சியைப் படித்தறிந்த சீமன், 1896இல் அதே மாற்றத்தைக் கண்டுகாட்டினார்.

ஃபாரடே தொடங்கிய தேடல் இன்று குறைகடத்திகளுக்குள் தொடர்கிறது. இரு நுண்ணிய ஆடிகளுக்கிடையே சிறைப்பட்ட ஒளி, குறைகடத்தியிலுள்ள எலக்ட்ரான்–துளை இணையோடு கலந்து போலாரிட்டான் என்னும் துகளாகிறது. வலஞ்சுழி, இடஞ்சுழி ஒளிகளுக்கேற்ப அதன் தற்சுழற்சி இருவகைப்படும். ஒருவகைச் சுழி ஒளியைப் பாய்ச்சினால் அவ்வகைத் துகள்கள் மிகுகின்றன. ஒரே தற்சுழற்சியுடையவை ஒன்றையொன்று வலுவாக விலக்குவதால், காந்தப்புலம் போன்றதொரு விளைவு உள்ளேயே தோன்றி, ஊடுசெல்லும் ஒளியின் தளத்தைத் திருப்புகிறது. ஃபாரடேக்குக் காந்தம் தேவைப்பட்டது. இங்கே அப்பணியை ஒளியே செய்கிறது.