டென்னிஸ் கபார்

டென்னிஸ் கபார் (ஜூன் 5, 1900 - பெப்ரவரி 9, 1979) ஹங்கேரியில் பிறந்த பிரித்தானிய மின்பொறியியலாளர் ஆவார். முப்பரிமாணப் படிம முறையான ஹோலோகிராபியைக் கண்டறிந்தமைக்காக 1971 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கணினியின்றி ஒலியின் சுருதியை மாற்ற இவர் வகுத்த வழி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

புடாபெஸ்டில் பிறந்த கபார், பெர்லினில் 1927 இல் முனைவர் பட்டம் பெற்று சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். யூத வழியினரான இவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிப் பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார்.

ஒலிப்பதிவை வேகமாக ஓட்டினால் சுருதி உயரும். ஆனால் கால அளவும் குறைந்துவிடும். எல்லா அதிர்வெண்களுடனும் ஒரே எண்ணைக் கூட்டும் மின்சுற்று, அவற்றின் விகிதத்தைக் கெடுத்து இசையை அபசுரமாக்கும். கபார் 1946 இல் வெளியிட்ட கட்டுரையில், ஓடும் படச்சுருளின் ஒலித்தடத்தைச் சுழலும் உருளையின் பிளவுகள் வழியே ஒளிமின்கலத்தால் படிக்கும் முறையை விளக்கினார். பிளவுகள் சுருளுக்கு எதிர்த்திசையில் நகர்ந்தால் சுருதி உயரும். உடன் நகர்ந்தால் தாழும். ஒரு பிளவு மங்கும்போது அடுத்தது தோன்றுவதால், ஒலியின் சிறு துண்டுகள் மீண்டும் வரும் அல்லது விடுபடும். மொத்த நேரம் மாறாது. துண்டு மிகக் குறுகினால் சுருதி தெளியாது, நீண்டால் ஒலி திக்கும்.

உண்மையில் இங்கு தேவைப்பட்டது ஒலியைச் சிறிது நேரம் தேக்கும் நினைவகமே. கபாருக்குப் படச்சுருள் அதுவாயிற்று. பிலிப்ஸ் ஆய்வாளர்கள் 1969 இல் அறிவித்த வாளி வரிசைச் சுற்று, அத்தேக்கத்தை மின்தேக்கிகளைக் கொண்டே செய்தது.

கபார் 1949 முதல் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றி, இலண்டனில் காலமானார்.