டீசல் என்ஜினைத் தந்தவர் கடலில் மறைந்தார்!

சென்னையில் இருந்து வரும் சாலையும், சேலத்தில் இருந்து வரும் சாலையும் கிருஷ்ணகிரியில் சேருகின்றன. அங்கிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பாதை செல்கிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் பாதை அது.

வழி நெடுக லாரிப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. என்ஜினோடு புகைக் குழாயைச் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டு தளர்ந்து ஆடும். அல்லது துருப்பிடித்து இறுகிப் போய், கழற்றவே வராது.

ஆத்திரப்பட்டு ஸ்பானரை வேகமாக இழுத்தால் போல்ட்டு முறிந்துவிடும். பாதி கையோடு வரும். பாதி உள்ளேயே நின்றுவிடும். துளை போட்டுத்தான் அதை எடுக்க வேண்டும்.

அனுபவம் உள்ள மெக்கானிக் அப்படிச் செய்யமாட்டார். முதலில் என்ஜினை ஆறவிடுவார். போல்ட்டுக்கு எண்ணெய் விடுவார். லேசாகத் தட்டுவார். பிறகு காத்திருப்பார்.

இந்தத் தொல்லைக்குக் காரணம் சூடு. அந்தச் சூட்டையே வேலைக்காரன் ஆக்கினார் ஒருவர். அவரும் பொறுமையாகக் காத்திருந்தவர்தான். அவர் பெயர் ருடால்ப் டீசல்.

ஆம், டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!

ஊரைவிட்டு ஓடிய குடும்பம்

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் சாமான் செய்து விற்று வந்தார்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. பாரீசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டி வந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்குச் சென்றது. அங்கே வறுமை வாட்டியது.

12 வயதுச் சிறுவனை, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் நன்றாகப் படித்தான். உதவித்தொகை பெற்று மியூனிக் தொழிற்கல்லூரியில் சேர்ந்தான்.

1879-ல் கடைசிப் பரீட்சை வந்தது. அந்த நேரம் பார்த்து டைபாய்டு காய்ச்சல் வந்தது. பரீட்சை போயிற்று! டீசல் சோர்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி, முதன்மையாகத் தேறினார்.

வீணாகும் கரி

அது நீராவி என்ஜின் காலம். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. 100 ரூபாய்க்குக் கரி போட்டால், சுமார் 10 ரூபாய்க்குத்தான் வேலை நடக்கும். மீதி சூடு வீணாகிவிடும். கல்லூரியில் இதைக் கேட்ட நாள் முதல், டீசலின் மனம் இதிலேயே இருந்தது.

சைக்கிளுக்குக் காற்று அடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கிறது. இன்னும் பல மடங்கு நெருக்கினால்? எண்ணெயைத் தெளித்ததும் பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவை இல்லை. இதுதான் டீசலின் யோசனை.

1892-ல் இதற்கு உரிமைப் பத்திரம் கேட்டு எழுதினார். ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையும், குரூப் கம்பெனியும் உதவ முன்வந்தன.

வெடித்தது!

1893 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை நடந்தது. எண்ணெய் உள்ளே போனதும் பெரும் சத்தம்! என்ஜினில் பொருத்தி இருந்த அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் தப்பினார்.

என்ஜின் தானாக ஓடவில்லை. ஆனால் எண்ணெய் பற்றிக்கொண்டது. அது போதும் என்று அவர் மகிழ்ந்தார்.

எங்கே கசிகிறது, எது தாங்கவில்லை என்று பார்த்துப் பார்த்து மாற்றினார். 1894 பிப்ரவரியில் என்ஜின் தானாக ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரே ஒரு நிமிடம்!

மேலும் 3 ஆண்டுகள் உழைத்தார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஒருவர் என்ஜினைச் சோதித்தார். 100 பங்கு சூட்டில் 26 பங்கு வேலையாக மாறியது. உலகமே வியந்தது.

பணம் வந்தது, போனது

டீசல் பணக்காரர் ஆனார். பெரிய மாளிகை கட்டினார். ஆனால் வழக்குகள் வந்தன. போட்ட முதலும் நஷ்டம் ஆயிற்று. கடன் ஏறியது. உடம்பும் கெட்டது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் எழுப்பும்படி சொல்லி இருந்தார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையாமல் இருந்தது.

சில நாட்களுக்குப் பின், கடலில் மிதந்த உடலை ஒரு படகில் சென்றவர்கள் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

அவர் பார்க்காத லாரி

டீசலின் முதல் என்ஜின் ஆள் உயரத்தைவிடப் பெரியது. அதை லாரியில் வைக்க முடியாது. டீசல் லாரிகள் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது 1924-ல்தான். அதைக் காண அவர் இல்லை.

1980-ல் அசோக் லேலண்டு கம்பெனி ஓசூரில் லாரித் தொழிற்சாலை தொடங்கியது. எல்லைப்புறத்தில் இருந்த சிறிய ஊர், பெரிய தொழில் நகரம் ஆயிற்று.

சூடும் போல்ட்டும்

பாரம் ஏற்றிய லாரி ஓசூர் மேட்டில் ஏறும்போது, வெளியேறும் புகை 400, 500 டிகிரி சூடாக இருக்கும். போல்ட்டு சூட்டில் விரியும். ஆறினால் சுருங்கும். இப்படியே பல ஆயிரம் முறை நடந்தால் தளர்ந்துவிடும். துரு ஏறினால் இறுகிவிடும்.

இணைப்பின் ஓரத்தில் கரி படிந்தாலோ, டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ, புகை கசிகிறது என்று அறியலாம். அப்படியே விட்டால் பக்கத்தில் உள்ள ஒயர்கள் கருகும். புகை டிரைவர் அறைக்குள்ளும் வரலாம்.

இறுகிய போல்ட்டை எண்ணெயில் ஊறவிட வேண்டும். சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருப்ப வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கட்டு போட வேண்டும். மரையில் சூடு தாங்கும் கிரீஸ் தடவ வேண்டும். நடுவில் தொடங்கி, இரு பக்கமும் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆறியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஒரு நிமிட ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மேலும் 3 ஆண்டுகள் காத்திருந்தார் டீசல். இறுகிய போல்ட்டுக்காக நாம் ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?